புரோக்கர் வருவதற்கு முன்: மீண்டு வந்தவர்களையும் வீட்டாரையும் சேர்த்துப் பிள்ளைக் கடத்தலைத் தடுக்கும் வழி

பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ தேர்வுகள் முடிவதற்கும் ஜூனில் பள்ளி திறப்பதற்கும் நடுவில் இருக்கும் சில வாரங்கள்தான் நூற்பாலைக்கு ஆள்பிடிக்கும் மில் புரோக்கருக்கு அறுவடைக் காலம். பிள்ளை வீட்டில் சும்மா இருக்கும். மார்க் குறைந்திருந்தால் அப்பா கோபத்தில் இருப்பார். மூத்தவளின் கல்யாணக் கடன் கழுத்தை நெரிக்கும். ஆகவே ஊரில் தடுப்பு வேலை தொடங்க நினைப்பவர்கள் மே மாதத்தில் கூட்டம் போட்டுப் பயனில்லை. ஜனவரியில் தொடங்க வேண்டும்.

கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள், ஊர் இளைஞர் மன்றத்தார், தொண்டு நிறுவனத்தில் முதல் வேலைக்கு வந்தவர்கள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. பேச்சு முழுக்கத் தமிழ்நாட்டு நிலவரம்தான். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்கு "சுமங்கலி", "திருமகள் திருமணத் திட்டம்" என்ற பேர்களில் மூன்று வருட ஒப்பந்தத்தில் போன பெண்பிள்ளைகள். உசிலம்பட்டி வட்டாரத்திலிருந்து வெளிமாநில முறுக்கு கம்பெனிகளுக்குப் போன பையன்கள். டெல்டாவில் கீதாரிகளிடம் (ஊர் ஊராக ஆட்டு மந்தை ஓட்டிப் போகிறவர்கள்) ஆடு மேய்க்க விடப்பட்ட சிறுவர்கள். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் குடும்பத்தோடு அடைபட்ட இருளர் வீட்டுப் பிள்ளைகள். இடம் வேறு, வேலை வேறு. உள்ளே இழுக்கும் கயிறு பணம்தான்: வீட்டாருக்கு முன்பணமாகக் கொடுக்கும் அட்வான்ஸ், அல்லது மில் ஒப்பந்தம் முடிந்ததும் கல்யாணத்துக்கு மொத்தமாகத் தருவதாகச் சொல்லும் தொகை.

இப்படிப் போய் மீண்டு வந்தவர்களைத் தடுப்பு வேலைக்கு எதற்காகக் கூப்பிடுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான கூட்டங்களில் அவர்களை மேடையேற்றி, நடந்ததைச் சொல்லவைத்து, அழவைத்து, சால்வை போர்த்தி அனுப்பிவிடுகிறார்கள். கேட்டவர்கள் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அடுத்த மாதம் புரோக்கர் வேறு பேரில் வேறு கம்பெனியைச் சொல்லிக்கொண்டு வந்தால் அவர்களுக்கு அடையாளம் தெரியாது. மீண்டவரிடம் இருக்கும் சரக்கு கண்ணீர் அல்ல, தகவல். புரோக்கர் முதலில் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார், ஆதார் அட்டையை எந்தச் சாக்கில் வாங்கினார், எந்த இடத்தில் போனைப் பிடுங்கினார்கள் என்பதெல்லாம் அதிகாரிக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும். துறை வல்லுநரை எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படிக் கூப்பிடுங்கள்.

முதல் படி: யாரைக் கூப்பிடலாம்

18 வயது நிரம்பியவர்கள் மட்டும். அதற்குக் கீழுள்ள பிள்ளை எவ்வளவு துணிச்சலாகப் பேசினாலும் கூட்டத்தில் நிறுத்த வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கூட்டத்தில் எடுத்த ஒரு போட்டோ வாட்ஸ்அப் குழுவில் போனாலே நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

திரும்பி வந்து குறைந்தது ஒரு வருடமாவது ஆகியிருந்தால் நல்லது. இது சட்டமல்ல, அனுபவ அளவு. வந்த புதிதில் தூக்கம் வராது, வீட்டில் சண்டை நடக்கும், அட்வான்ஸ் கொடுத்தவன் போன் பண்ணிக்கொண்டிருப்பான். அந்த நேரத்தில் பேசச் சொல்வது கொடுமை.

வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் சாட்சியாக இருந்தால், பொதுவெளியில் சொன்ன ஒரு தேதி வாக்குமூலத்தோடு ஒத்துப்போகாமல் போகலாம். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். அரசு வக்கீலையோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ கேட்காமல் அவரைப் பேசவைக்காதீர்கள். கடத்தலுக்கும் கொத்தடிமைத்தனத்துக்கும் ஆளானவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவது அந்த ஆணைக்குழுவின் கடமை. உதவி எண் 15100.

கூப்பிடும் விதமும் முக்கியம். வி.ஏ.ஓ. மூலமாகவோ போலீஸ் மூலமாகவோ சொல்லியனுப்பினால் "வரமாட்டேன்" என்று சொல்ல அவருக்குத் தைரியம் வராது. அவருக்குப் பழக்கமான ஒருவரோடு போங்கள். முதல் நாள் விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். மூன்று நாள் கழித்துப் பதில் கேளுங்கள். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று இரண்டாம் முறையும் சொன்னால் அது "வேண்டாம்" என்றே பொருள். மூன்றாம் முறை போகாதீர்கள்.

ஒரு சிக்கலை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பிள்ளையைக் கூட்டி வந்தால் இவ்வளவு கமிஷன் என்று வேலை செய்கிற பெண்களிடமே ஆள்பிடிக்கச் சொல்வது பல இடங்களில் நடந்திருக்கிறது. லீவுக்கு ஊருக்கு வந்தவள், திரும்பும்போது சித்தப்பா மகளையும் கூட்டிப் போயிருப்பாள். அவளும் அடைபட்டவள்தான். அவள் கூட்டிப்போனவளும் அதே தெருவில் இருப்பாள். இரண்டு பேரையும் ஒரே குழுவில் போட்டுவிட்டால் முதல் நாளே வேலை உடைந்துவிடும். ஆள்பிடிக்க வைக்கப்பட்டவரை ஒதுக்கவும் வேண்டாம், ஏனென்றால் ஆள்பிடிக்கும் பேச்சு அவருக்குத்தான் மனப்பாடம். முதலில் வக்கீலிடம் தனியாகப் பேசவையுங்கள். வேலையைப் பக்கத்து ஊரில் கொடுங்கள்.

இரண்டாம் படி: காகிதமும் காசும்

ஒரே ஒரு பக்கத் தாள் போதும், பேச்சுத் தமிழிலேயே எழுதலாம். என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு பணம், எதைச் சொல்லலாம், எதைக் கேட்கக் கூடாது, படம் எடுக்கலாமா, பெயர் போடலாமா, எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். படித்துக் காட்டி இரண்டு பிரதியில் கையெழுத்து வாங்கி, ஒன்றை அவர் கையில் கொடுங்கள். படத்துக்கான சம்மதமும் பேசுவதற்கான சம்மதமும் தனித்தனி வரிகளாக இருக்கட்டும். இன்றைக்குச் சரியென்றவருக்கு அடுத்த வருடம் கல்யாணப் பேச்சு வரும். அப்போது அந்தப் படம் இணையத்தில் கிடந்தால் எதிரி வேறு வேண்டாம்.

பணம் கொடுப்பதில் கூச்சம் வேண்டாம். அன்றைக்குப் போன கூலி, பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு வருபவரின் செலவு, இதற்கு மேல் பேச்சாளருக்கான தொகை. கல்லூரிப் பேராசிரியரைக் கூப்பிட்டால் எவ்வளவு கொடுப்பீர்களோ அவ்வளவு. அன்றே கொடுங்கள். "பில் பாஸ் ஆனதும்" என்று இழுத்தால், வேலை வாங்கிக்கொண்டு சம்பளத்தை நிறுத்திவைத்த பழைய முதலாளியின் இடத்தில் நீங்கள் உட்கார்ந்துவிடுகிறீர்கள்.

மூன்றாம் படி: வழியை வரைதல்

கூட்டத்துக்கு முன் ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள். மீண்டவர்கள் நான்கு முதல் ஆறு பேர், உங்கள் ஆள் இரண்டு பேர், அவ்வளவுதான். அறைக்கு இரண்டு வாசல் இருந்தால் நல்லது. யாரையும் சுவரோரம் உட்காரவைத்து வழியை அடைக்காதீர்கள், பல பேருக்குப் பூட்டிய ஹாஸ்டல் நினைவு வரும்.

பேச்சைத் தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி தெரியப்படுத்தியே ஆக வேண்டும், மறைத்தால் கேட்டவர்மேலேயே குற்றம் வரும். "நீங்கள் சொல்வதை வெளியே சொல்லமாட்டோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு போலீசுக்குப் போனால் அது துரோகம். வாக்குக் கொடுக்காமல், எல்லையை முதலிலேயே சொல்லுங்கள்.

அப்புறம் சாக்பீஸை எடுத்துத் தரையில் ஊரை வரையச் சொல்லுங்கள். டீக்கடை, கோயில், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம். "புரோக்கர் எங்கே இறங்குவார்? யார் வீட்டில் தண்ணி குடிப்பார்?" என்று மட்டும் கேளுங்கள். "உனக்கு என்ன நடந்தது" என்ற கேள்வியே வேண்டாம். ஒருவர் கோடு போடுவார், இன்னொருவர் "இல்லக்கா, எங்க ஊர்ல அத்தை வீட்டுக்குத்தான் மொதல்ல வந்தாரு" என்று அழித்துத் திருத்துவார். மதியத்துக்குள் தரை முழுக்க வழி விழுந்துவிடும். பெரும்பாலும் அந்தக் கோடு சொந்தக்காரர் வீட்டில்தான் தொடங்கும். அறிமுகமில்லாதவன் மிட்டாய் கொடுத்துக் கடத்துகிற படத்தைச் சுவரில் ஒட்டி வைப்பது எவ்வளவு வீண் என்பது அங்கேயே புரிந்துவிடும்.

மதியத்துக்கு மேல் அந்தக் கோட்டிலிருந்து அறிகுறிகளைப் பொறுக்குங்கள். அவர்கள் வாயில் வந்த சொல்லையே எழுதுங்கள். "ஹாஸ்டல் சாப்பாடு ஃப்ரீ, ஏசி ரூமு", "மூணு வருஷம் முடிச்சா மொத்தமா கைக்கு வரும்", "டி.சி.யை நாங்களே வாங்கிக்கிறோம்", "வயசு கேட்டா பதினெட்டுன்னு சொல்லு", "வேன் ராத்திரி வரும்". இந்த ஐந்தாறு வாக்கியங்களை ஒரு அட்டையில் அச்சடித்துக் கொடுத்தால், புரோக்கர் வாயைத் திறந்ததும் அம்மாவுக்கு மணி அடிக்கும். மனிதக் கடத்தலின் வரையறையை அச்சடித்தால் அடிக்காது.

வெளிநாட்டு வேலைக்கு என்றால் அட்டை வேறு. கம்போடியா, மியான்மர், லாவோஸ் பக்கத்து இணைய மோசடிக் கூடங்களுக்குப் படித்த பையன்கள்தான் போய் மாட்டினார்கள். "டேட்டா என்ட்ரி வேலை, டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாத்திக்கலாம்" என்பதுதான் அங்கே முதல் வாக்கியம். ஏஜென்டின் பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். பதிவு இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடிக்கலாம்.

நான்காம் படி: வீட்டார்

இதுதான் கடினமான பகுதி, அதிகம் கெட்டுப்போவதும் இதுதான். பேச்சாளர் எழுந்து "பெற்ற பிள்ளையை விற்காதீர்கள்" என்று ஆரம்பித்தால், அட்வான்ஸ் வாங்கியவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள். அவர்கள்தான் உங்களுக்கு வேண்டியவர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்த பிறகு டெல்டாவில் பிள்ளைகளை ஆட்டுக்கு அனுப்பியவர்கள் பிள்ளைமேல் பாசம் இல்லாமல் அனுப்பவில்லை.

சமுதாயக்கூடத்தில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் வேலைக்குப் போகாதவர்கள்தான் வருவார்கள். அந்தந்தத் தெருவிலேயே, இரவு ஏழு மணிக்கு மேல், பத்துப் பன்னிரண்டு பேர் தரையில் உட்கார்ந்து பேசுங்கள். பாட்டிகளை விட்டுவிடாதீர்கள். அப்பா அம்மா கேரளாவுக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போன வீடுகளில் பிள்ளையை வளர்ப்பது அவர்கள்தான், புரோக்கர் குறிவைப்பதும் அந்த வீட்டைத்தான். அட்வான்ஸை அப்பா வாங்கி, அம்மாவுக்குத் தொகையே தெரியாத வீடுகள் நிறைய. ஆகவே இருவரையும் கூப்பிடுங்கள்.

அங்கே பேச வேண்டியது கணக்கு. ஒரு கரும்பலகையில் மாதிரிக் கணக்கு போடுங்கள். முறுக்கு கம்பெனிக்குப் பையனை அனுப்ப அட்வான்ஸ் 40,000. சம்பளம் மாதம் 6,000 என்கிறார்கள், வருடத்துக்கு 72,000. அப்பா மனசில் 32,000 மிச்சம் என்று இருக்கும். இப்போது பிடித்தங்களை மீண்டு வந்தவர் சொல்லட்டும். சாப்பாட்டுக்கு மாதம் 1,500, வருடத்துக்கு 18,000. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் வந்துபோன செலவு 4,000. உடம்பு சரியில்லாமல் படுத்த 20 நாளுக்கு, ஒரு நாளுக்கு இரண்டு நாள் கூலியாக 400 வீதம் 8,000. மிஞ்சுவது 42,000, அட்வான்ஸைக் கழித்தால் 2,000. நடுவில் வீட்டுச் செலவுக்கு வாங்கிய 10,000-ஐயும் சேர்த்தால் வருடக் கடைசியில் 8,000 கடன். பையன் இன்னொரு வருடம் போக வேண்டும். இந்தக் கடைசி வரியை நீங்கள் எழுதாதீர்கள். கூட்டத்தில் ஒரு அம்மாவே சொல்லிவிடுவார்.

உடனே வரும் கேள்வி: "அப்போ கடனுக்கு என்ன வழி?" பதில் கையில் இல்லாமல் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. அரசு ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் மாதம் 750 உதவித்தொகை. கணவரை இழந்த அல்லது பிரிந்த தாயின் பிள்ளை போன்றோருக்கு, ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் ஆதரவுத் தொகை மாதம் 4,000. கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும், விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். அவசரக் கைமாற்றுக்கு மகளிர் குழுவின் உள்கடன். இவை எல்லாம் சேர்ந்தாலும் 40,000 ஒரே நாளில் வராது என்பது உண்மை. அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஏற்கெனவே பிள்ளையை அனுப்பியவர்கள் கூட்டம் முடிந்து தனியாக வருவார்கள். "அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தாத்தான் விடுவாங்களாம்" என்பார்கள். 1976-ம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் 6-ம் பிரிவுப்படி கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பே கிடையாது. அந்தக் கடனுக்குப் பணம் வாங்குவதும் குற்றம். கடன் கொத்தடிமைக் கடனா இல்லையா என்று வழக்கு வந்தால், இல்லையென்று நிரூபிக்க வேண்டியது கொடுத்தவர். அட்வான்ஸ் வாங்கினாலே கொத்தடிமை ஆகிவிடாது. அட்வான்ஸுக்காக வெளியே போக விடாமல், வேறு வேலைக்கு விடாமல், குறைந்தபட்சக் கூலி இல்லாமல் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: கூட்ட நாள்

போன்களை வாசலில் ஒரு கூடையில் போடச் சொல்லுங்கள். புரோக்கரின் மச்சானோ மில் சூப்பர்வைசரின் தங்கையோ கூட்டத்தில் இருப்பார்கள் என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். பேசுபவர் தன் கதையைச் சொல்லாமல் அட்டையையும் கணக்கையும் மட்டும் பேசினால் இந்த ஆபத்து பாதி குறையும். எப்போதும் இரண்டு பேராகப் பேசட்டும், ஒருவர் தொண்டை அடைத்தால் மற்றவர் எடுத்துக்கொள்வார். காதைத் தொட்டால் நிறுத்தம் என்பது போல ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள். "உன்ன அங்க என்னம்மா பண்ணாங்க?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்: "அது இன்னைக்குப் பேச்சு இல்லைங்க." அன்று இரவு ஒரு போன், மூன்றாம் நாள் ஒரு போன், ஒரு வாரம் கழித்து நேரில். மிரட்டல் வந்திருந்தால் எண்ணையும் நேரத்தையும் எழுதிவைத்து 112-க்கும் மாவட்டத்தின் மனிதக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கும் சொல்லுங்கள்.

ஆறாம் படி: பிள்ளை போய்விட்டது என்று தகவல் வந்தால்

தரையில் வரைந்த அந்த வழி இப்போதுதான் உயிர் காக்கும். எந்த பஸ், எந்த வேன், யார் போன் எண் என்று முதல் மணி நேரத்தில் சொல்லக்கூடியவர்கள் உங்கள் குழுவில் இருக்கிறார்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். காணாமல்போன பிள்ளை என்றால் முதல் தகவல் அறிக்கை போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. "எங்க லிமிட் இல்ல" என்று போலீஸ் சொன்னால் எந்த நிலையத்திலும் பதியலாம் என்று சொல்லுங்கள். மனிதக் கடத்தலுக்கான பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143. ஜூலை 2024-க்கு முன் நடந்ததென்றால் இந்திய தண்டனைச் சட்டம் 370.

நாலு பைக்கில் இளைஞர்கள் போய் மில் வாசலில் சத்தம் போட்டுப் பிள்ளையைக் கூட்டி வந்துவிடுவதுண்டு. வீரமாகத் தெரியும். ஆனால் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ விசாரித்துக் கொத்தடிமை விடுவிப்புச் சான்றிதழ் தராவிட்டால், சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை வேலையை விட்டு வந்த ஆள், அவ்வளவே. சான்றிதழ் இருந்தால் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. மறுவாழ்வுத் தொகை வயதுவந்த ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் பிள்ளைக்கும் இரண்டு லட்சம், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கடும் நிலையில் மூன்று லட்சம். முழுத் தொகை வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருப்பதால் வருடக்கணக்கில் இழுக்கும் என்பதையும் வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த நம்பிக்கையிலேயே புதுக் கடன் வாங்குவார்கள்.

ஏழாம் படி: நாற்காலி

வருடத்துக்கு இரண்டு கூட்டத்தில் பேசவைப்பதைவிட, முடிவெடுக்கிற இடத்தில் ஒரு நாற்காலி வாங்கிக் கொடுப்பது மேல். மாவட்ட, கோட்ட அளவிலான கொத்தடிமை கண்காணிப்புக் குழுக்களில் பட்டியல் சாதி, பழங்குடியினர் மூன்று பேரும் சமூகப் பணியாளர் இருவரும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மீண்டவர்களில் தகுதியானவர் பெயரை ஆட்சியருக்கு எழுதிக் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். அங்கே இருக்கும் அம்மாவுக்குத்தான், பத்து நாளாக வராத பிள்ளை யார் என்று தலைமையாசிரியருக்கு முன்பே தெரியும். கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22-ஐ விடாதீர்கள். வெளியூர் வேலைக்குப் போவோர் பதிவேடு வைக்க அன்றைக்குத் தீர்மானம் போட்டால் ஏப்ரலில் பதிவேடு தயார். பெயர், வயது, போகும் இடம், கூட்டிப்போகிறவர் பெயரும் எண்ணும், வாங்கிய அட்வான்ஸ், திரும்பும் தேதி. புரோக்கர் தன் பெயரை எழுதச் சொன்னதுமே நழுவினால் பதிவேடு வேலை செய்கிறது என்று பொருள். அதை மேசைமேல் திறந்து போடாதீர்கள். யார் வீட்டில் எந்த வயதுப் பெண் இருக்கிறாள் என்ற பட்டியல் அது. பூட்டிய பீரோவில், இருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

எத்தனை கூட்டம், எத்தனை நோட்டீஸ் என்று கணக்குக் கொடுப்பது நிதி கொடுப்பவருக்கு. உங்களுக்கு வேண்டிய எண்கள் மூன்றுதான்: பிள்ளை கிளம்புமுன் யாராவது குழுவுக்குச் சொன்னது எத்தனை முறை, அட்வான்ஸை வேண்டாம் என்றோ திருப்பியோ கொடுத்த வீடு எத்தனை, பத்தாம் வகுப்பு முடித்தவர்களில் ஜூலைக் கடைசியில் பதினொன்றிலோ ஐ.டி.ஐ.யிலோ இருப்பவர் எத்தனை பேர். முதல் எண் தொடக்கத்தில் பூஜ்யமாகவே இருக்கும். இரண்டாம் வருடமும் பூஜ்யமாக இருந்தால், வீட்டார் உங்களை நம்பவில்லை என்று அர்த்தம். நான்காம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

ஒரு கட்டத்தில் மீண்டவர்களில் சிலர் "இனி வரலை" என்பார்கள். கல்யாணமாகியிருக்கும், வேறு வேலை கிடைத்திருக்கும், அல்லது சும்மா அலுத்திருக்கும். காரணம் கேட்காமல், அவர் கையெழுத்திட்ட தாளையும் படங்களையும் அவரிடம் கொடுத்து, உங்கள் கணினியிலும் போனிலும் இருப்பதை அவர் கண்முன் அழித்துவிடுங்கள்.